லாச்சியைச் சுரண்டும் பூனை

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு
ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு.
முப்பத்தொன்பது வீடு, மாதம் நூறு ரூபா,
செத்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் கவலையில்லை.
காசு கிடந்தது நஸ்ருத்தீன் நானாவின் கடையில்,
அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், பூட்டுப் போட்ட பிஸ்கட் தகரத்தில்.
திங்கள் இரவு தகரம் வெறுமையானது.

பூட்டு உடையவில்லை.
திறப்பு வைத்திருக்கும் இருவரும் மரியாதையானவர்கள்.
ஆகவே, என்றது ஒழுங்கை, கள்ளத் திறப்பு;
ஆகவே, கடன் உள்ளவன்;
ஆகவே, ஃபைரூஸ்.
புதன் காலை அவன் ஓட்டோவில் ஏற ஒருவரும் இல்லை.
பள்ளிப் பிள்ளைகள்கூட நடந்து போனார்கள்,
மழையில்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் மிருக வைத்தியர்.
ஒழுங்கை முனையில் இரண்டு அறை.
உண்ணி, சொறி, முள் சிக்கிய தொண்டை.
பேசாதவற்றிடம் எங்கே நோகிறது என்று கேட்பது தொழில்:
அழுத்திப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன்,
சொந்தக்காரர் சொல்வதைப் பாதிதான் நம்புவேன்.
"ஒண்டும் குடுக்கேல்லை டொக்டர்" என்பார்கள்.
வயிற்றுக்குள் கோழி எலும்பு இருக்கும்.

ஆனால் கண்டுபிடித்தது நானல்ல, முதலாளி.
பஸ்ஸில் அடிபட்டு, வாலை இழந்து,
கட்டணமும் கட்டாமல் தங்கிவிட்ட பூனை.
செவ்வாயிலிருந்து அது காசு லாச்சியைச் சுரண்டியது.
எலி என்று நினைத்தேன். எலி இல்லை.
திறந்ததும் தலையை உள்ளே விட்டு
நோட்டுக் கட்டொன்றை நக்கிற்று.
எடுத்து மணந்தேன்.
மாசி.

நானா மாசியை எங்கே வைப்பார் என்று
சம்பல் இடிக்கும் வீடு எல்லாவற்றுக்கும் தெரியும்.
அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்.

நூறும் ஐம்பதும் இருபதுமாய் இருபத்துமூவாயிரம்.
எண்ணி வாங்கியவள் நானே.
செவ்வாய் காலை, எமிலியானின் ஜூலிக்கு:
கர்ப்பப்பையில் சீழ், அன்றே வெட்டாவிட்டால் முடிந்தது.
சத்திரசிகிச்சைக்கு யார் இருபது ரூபாத் தாளில் காசு கட்டுவார்?
அப்போது யோசிக்கவில்லை. களைத்திருந்தேன்.
சில்லறை கிடைத்ததே என்று சந்தோஷம் வேறு.
எமிலியான், சங்கத்தின் செயலாளர்.
இரண்டாவது திறப்பு.

வெள்ளிக்கிழமை காயம் பார்க்கப் போனேன்.
தையல் சுத்தம். காய்ச்சல் இல்லை.
ஜூலி என் விரல்களை விடாமல் நக்கியது.
"என்ன டொக்டர், கையில மாசி மணக்குது" என்றார்.
சொன்ன பிறகுதான் முகம் மாறியது,
நோகும் இடத்தை அழுத்தினால் நாய் சுருங்குமே, அப்படி.

வெளியே மீன்காரன் கூவிப் போய் முடிந்தான்.
"செத்தாப்பிறகு குடுக்கத்தானே சேர்க்கிறம்.
சாகாமல் இருக்கக் கேட்டால்
அதைக் கணக்கில எந்தப் பக்கம் எழுதுறது?"

எனக்குத் தெரியவில்லை.
நோட்டுக் கட்டை மேசையில் வைத்தேன்.
"இதைத் தகரத்தில போடுங்கோ. எனக்கு மாதம் ஆயிரம் தாங்கோ.
ஃபைரூஸிட்டை நீங்களே சொல்லுங்கோ.
தனிய இல்லை. ஒழுங்கை கேட்க."

சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து, குழாயடியில்,
நனைந்த குடையை மடக்கி மடக்கி விரித்தபடி.
ஃபைரூஸ் ஓட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
ஏற்கனவே துடைத்த இடத்தையே.
மன்னித்தானா, தெரியாது.

தையல் பிரிக்க வந்தார்கள்.
நடந்தால் மூன்று நிமிடத் தூரம்.
ஓட்டோவில் வந்தார்கள்.
நாய்க்குக் காசில்லையாம்.
எமிலியானுக்கு மீற்றர்,
காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து.