வராதவரின் வக்கீல்

நான் எராஸ்மோவின் வக்கீல்.
எராஸ்மோவை நான் பார்த்ததில்லை.
அவர் மகனும் நினைவு தெரிந்து பார்த்ததில்லை.

ஹூஸ்டன், குடும்ப நீதிமன்றம், ஏழாவது மாடி.
வராத ஆளுக்கும் ஒரு வாய் வேண்டும்
என்கிறது சட்டம்.
ஏல அறிவிப்புகளுக்கும் தொலைந்த பத்திரங்களுக்கும் நடுவே
பேப்பரில் போட்டுப் பார்த்தார்கள்:
ஓஸ்மின் என்னும் மைனரின் தகப்பனார்
எங்கிருந்தாலும் வந்து பதில் சொல்லவும்.
வரவில்லை.
அதனால் நான்.

தேடுவதுதான் முதல் வேலை.
சோலுதேக்காவில் மூன்று எராஸ்மோக்கள்
அதே குடும்பப் பெயரோடு.
ஒருவர் செத்து ஆறு வருடம்.
ஒருவருக்கு வயது பதினொன்று.
மூன்றாமவர் வேலை பார்த்த டயர் கடையின் எண் கிடைத்தது.
காற்றடிக்கும் சத்தத்துக்கு மேலே கத்தினார் கடைக்காரர்:
"போயி எத்தனையோ வருஷமாச்சு.
நல்ல வேலைக்காரன்.
பிள்ளைகுட்டி இல்லாத ஆளு,
எங்க வேணாலும் போவான்."

பிள்ளைகுட்டி இல்லாத ஆளு.
கட்சிக்காரருக்கு எதிரான வரியை
அவருடைய வக்கீலே எழுதலாமா?
மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதினேன்.

விசாரணை அன்று
ஓஸ்மின் யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையில் வந்தான்.
கூரை ஓடு பதிக்கிற வேலை.
நகக்கண்ணில் தார்
கழுவியும் போகவில்லை.
பதினெட்டு ஆக இன்னும் எட்டு நாள்.
ஒன்பதாம் நாள் இந்த மேஜைக்கு
அவன் குழந்தை இல்லை.
அதற்குப் பிறகு எவ்வளவு அழுதாலும்
பெரியவன் அழுகைதான்.

அவன் தரப்பு வக்கீல் கேட்டாள்:
உன் அப்பா உன்னைக் கைவிட்டாரா?
மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து
மெதுவாகச் சொன்னான்:
விடுறதுக்கு, பிடிக்கவே இல்லையே.

என் முறை.
சம்பளத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும்.
எப்போதாவது ஏதாவது அனுப்பினாரா?

யோசித்தான்.
நியாயம் தவறிவிடக்கூடாது என்று
நிஜமாகவே தேடினான்
தன் பதினேழு வருடத்தையும்.
"ஒரு தடவை
சைக்கிள் வரும்னு சொன்னாங்க."

வந்ததா என்று நான் கேட்கவில்லை.
வேறு கேள்விகள் இல்லை, கனம் நீதிபதி அவர்களே.

அம்மா ஃபிதெலினா திரையில் வந்தாள்.
இணையத்துக்காக ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தாள்,
பின்னால் இருமல் மருந்து அடுக்கு.
இந்தக் காகிதத்தின் வழியே பையன் இங்கே நிலைபெற்றால்
பெற்றவர் யாரையும்
என்றைக்கும் அவனால் அழைத்துக்கொள்ள முடியாது.
விட்டுப்போனவரையும் முடியாது,
விடாமல் வளர்த்தவளையும் முடியாது.
சட்டம் பெற்றோர் என்று ஒரே சொல்லாகத்தான் எழுதியிருக்கிறது.
அது தெரியுமா என்று கேட்டார்கள்.

தெரியும், சொன்னாங்க, என்றாள்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.
"நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

துன்புறுத்தல், புறக்கணிப்பு, கைவிடல்.
மூன்று கட்டங்கள் அந்தத் தாளில்.
நீதிபதி இரண்டில் குறியிட்டார்.
அத்தை மாரிட்சா காப்பாளர் ஆனாள்.
இது விசா இல்லை,
விசாவுக்கான வரிசையில் நிற்க ஒரு இடம்.
எத்தனை வருஷம் என்று அத்தை கேட்டதற்கு
வக்கீல் ஒரு கையை விரித்தாள்.
பிறகு தயங்கி
மறு கையில் ஒரு விரலையும் நீட்டினாள்.

லிப்ட் அருகே என்னைப் பிடித்தான்.
நீங்கதான் அவரோட வக்கீலா?
ஆமாம்.
கிடைச்சாரா?
இல்லை.

தலையாட்டினான். லிப்ட் வந்தது. ஏறவில்லை.
கதவு மூடிக்கொண்டு காலியாகக் கீழே போனது.

"உயரமா இருப்பாரா?
அந்த டயர் கடைக்காரர் ஏதாவது சொன்னாரா?"

நான் கேட்டிருக்கவில்லை.

மாவட்டத்துக்கு அனுப்பிய பில்லில் எழுதினேன்:
தேடல், நாலரை மணி நேரம்.
வழக்கு முடிந்தது.

மறுநாள் காலை
டயர் கடைக்கு மறுபடியும் அழைத்தேன்.
வெகுநேரம் மணி அடித்தது.
யாரோ எடுத்தார்கள்.
காற்றடிக்கும் சத்தம்.