பனிச்சாலையில் பெல்ட் கிடையாது

கடல் உறைந்த பிறகு
ஹைலுவோட்டோ தீவிலிருந்து ஔலு நகருக்கு
கடல் மேலேயே காரோட்டிப் போகிறேன் வேலைக்கு.

கரையில் ஒரு பலகை:
நிற்காதே. முந்தாதே.
முன்வண்டிக்கு ஐம்பது மீட்டர் விடு.
பெல்ட்டைக் கழற்று.
கடைசி வரிக்குக் காரணம் எழுதவில்லை.
தேவையுமில்லை.

அதன் கீழே சுண்ணக்கட்டியில் இன்றைய கனம்:
நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
ஒஸ்கு வாய்ருனென், சாலை ஒப்பந்தக்காரரின் பையன்,
காதில் பாட்டு ஓட ஓட
விடியுமுன் துளையிட்டு அளந்திருப்பான்.
நேற்றைய எண்ணைக் கையுறையால் துடைத்த கறை
அடியில் மங்கலாய்த் தெரிகிறது.
"பழைய எண்களைக் குறித்து வைக்கலாமே" என்றேன் ஒருநாள்.
"எதுக்கு? நேத்துதான் கடந்துட்டீங்களே."

எங்கள் நிறுவனத்தில் எதையும் துடைப்பதில்லை.
பதினொரு வருட வரைபடங்கள் பத்திரமாய் இருக்கின்றன,
எல்லாக் கோடும் வலப்பக்கம் ஏறித்தான் முடியும்.
நான், மர்கெட்டா யுலிதாலோ,
அந்தக் கோடுகளுக்குத் துணைத்தலைவி.
பொத்தான் பிரிவு.
பத்து லட்சம் தடவை அழுத்தினாலும்
எழுத்து அழியாத பொத்தான்கள்.
உலகத்திலேயே நல்ல பொத்தான்கள்.
இன்றும் அப்படித்தான்.
அழுத்தத்தான் விரல் இல்லை.

இரண்டு அக்டோபருக்கு முன்
சோதனைக்கூடத்து சைனி கர்வோனென்
ஸ்லைடு எதுவும் இல்லாமல் வந்தாள், கையில் ஒரு ஷாப்பிங் ரசீது,
அதன் முதுகில் கோடு கோடாய்ப் பேனாக் கீறல்.
சனிக்கிழமை முழுக்கக் கடையில் நின்றாளாம்.
"நாற்பத்து மூன்று பேர் நம் போனை எடுத்தார்கள்.
முதலில் கண்ணாடியைத் தொட்டார்கள்.
அது அசையவில்லை என்றதும் வைத்துவிட்டார்கள்."

நான் சொன்னேன்:
"நாற்பத்து மூன்றெல்லாம் ஒரு கணக்கா?"

அறை சிரித்தது.
நல்ல சிரிப்பு, எனக்குப் பிடித்திருந்தது.
அன்றிலிருந்து பொத்தான் பிரிவில்
எல்லா வாயும் பொத்திக்கொண்டது.
நான் அதை ஒற்றுமை என்று
ஆண்டறிக்கையில் எழுதினேன்.

இன்று பையில் ஒரு பட்டியல்.
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
கூடவே தலைமையகம் அனுப்பிய ஒரு பக்கம்.
வக்கீல்கள் மெழுகிய வாக்கியங்கள்:
மறுசீரமைப்பு, புதிய பாதை, மனமார்ந்த நன்றி.
திரையில் வாசித்தால் போதும் என்றார்கள்,
நேரில் போக வேண்டியதில்லையாம்.

பாதி வழியில்
சக்கரத்துக்குக் கீழே கடல் நீளமாய் முனகியது.
முதல் குளிர்காலத்தில் இதற்கு அலறியிருக்கிறேன்.
முனகுகிற ஐஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.
சத்தமே இல்லாத இடத்தில்தான்
கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழும்.

உணவுக்கூடத்தில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன்.
நாற்காலி எதிலும் ஏறவில்லை.
"சைனி சொன்னாள். நான் உங்களைச் சிரிக்க வைத்தேன்.
அந்தச் சிரிப்பின் விலையை
நீங்கள் கட்டுகிறீர்கள், நான் இல்லை."
வேறென்னவோகூடச் சொன்னேன்.
ஆறு மாதச் சம்பளம், பயிற்சி, கடிதங்கள்,
எல்லாம் உண்மை, எதுவும் போதவில்லை.

யாரும் பேசவில்லை.
காபி மெஷின் யாருக்கோ ஒரு கோப்பையை
நிரப்பி முடித்தது.
பின்வரிசையில் ஒருவன் தன் அடையாள அட்டையைக் கழற்றிக்
கயிற்றை நிதானமாய்ச் சுற்றினான்,
சுற்றியதைப் பிரித்தான், மறுபடி சுற்றினான்.

சைனி எண்பத்தெட்டாவது பெயர்.
கோட் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.
"நாற்பத்தேழு" என்றாள்.
"என்ன?"
"அன்றைக்கு. நாற்பத்தேழு பேர்.
நாலு பேர் குழந்தைகள்.
நீங்கள் சிரிப்பீர்களோ என்று
அவர்களைச் சேர்க்கவில்லை."

மாலையில் பலகையில் முப்பத்தொன்பது.
மார்ச் மாதம், இனி இறக்கம்தான்.
பெல்ட்டைக் கழற்றினேன்.
ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினேன்,
கேட்பதற்கு.