தொரட்டி

மார்கழி வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று
யாரும் வந்து அளக்க வேண்டாம்.
ஆற்றோரத்து மருதமரங்களைப் பாருங்கள்.
மூன்றாள் உயரத்தில், ஒரே மட்டத்தில்,
நூல் பிடித்தாற்போல் பை தொங்குகிறது.
நீலம், கறுப்பு, வெளிறிய ஆரஞ்சு.
வெள்ளைப் பைகளை நாரைக்கூட்டம் என்று
கொக்கிரகுளம் பாலத்தில் வண்டியை நிறுத்தி
படமெடுத்துப் போனார் ஒருவர்.

ஞாயிறு காலை ஆறரைக்கு இறங்குவோம்.
எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பேர்.
மேலப்பாளையத்திலிருந்து செய்யதலி பாத்திமாவும்
அவள் நாத்தனாரும்.
மாநகராட்சியில் இருபது வருஷம் வாருகிற முப்பிடாதி.
வாரத்தில் அவளுக்கு இருப்பதே அந்த ஒரு லீவுதான்.
"லீவன்னைக்குமா குப்பை" என்பாள்,
எங்களுக்கு முன்னால் வந்து நிற்பாள்.

ஆட்டுக்குக் குழை பறிக்கிற தொரட்டிதான்.
காதில் மாட்டி ஒரு இழுப்பு.
பாதி வரும்.
பாதி கிளையிலேயே இருந்துகொண்டு
படபடக்கும்.

பைகளுக்கு ஊர் உண்டு.
சேரன்மகாதேவி ஜவுளிக்கடை,
கல்லிடைக்குறிச்சி அப்பளம்,
அம்பாசமுத்திரம் செருப்புக்கடை.
தண்ணீர் வந்த வழியை
எதிர்த்திசையில் வாசித்துக்கொண்டே போகலாம்.
"எல்லாம் மேக்கத்தி ஆளுவதான் போடுதாவ"
என்றார் பிரம்மநாயகம்.
அடுத்த கிளையில் எங்கள் தெருமுனை
அல்வாக்கடைப் பை.
பேசாமல் சாக்குக்குள் திணித்தார்.

தரம் பிரிப்பது பாத்திமா.
கண்ணால் இல்லை, காதால்.
கசக்கிக் கேட்பாள்.
மொறுமொறுவென்றால் ஒரு சாக்கு,
முனகினால் வேறு சாக்கு.
பேட்டை வியாபாரி
பாட்டிலைச் சிரித்துக்கொண்டே எடுப்பான்,
பால் கவரைக் கழுவியிருந்தால் எடுப்பான்,
உள்ளே வெள்ளி மினுங்கும் சிப்ஸ் பாக்கெட்டை
காலால் தள்ளிவிடுவான்.
அது சிமெண்ட் ஆலைச் சூளைக்கு.

நாலாவது ஞாயிறு
ஒரு மஞ்சள் பை, கிழியாமல் வந்தது.
உதறினேன். காய்ந்த வண்டல் உதிர்ந்தது.
ஒரு குத்துவிளக்கு, கும்பிடுகிற இரண்டு கை.
இடப்பக்கம் அவர் பெயர், படிப்போடு.
வலப்பக்கம் என் பெயர்,
என் அப்பாவின் எழுத்தோடு.

அறுநூறு அடித்தோம்.
"துணின்னா எட்டு ரூவா, இதுன்னா ஒண்ணேகால்"
என்றார் மாமா. அதோடு பேச்சு முடிந்தது.
உள்ளே போட்ட தேங்காய்
மறுநாளே சட்னியாகியிருக்கும்.
வெற்றிலை சாயங்காலமே வாடியிருக்கும்.
கல்யாணம் பதினாலு மாசம்.
பைக்கு இது பன்னிரண்டாவது வருஷம்.

யாரும் வாய் திறக்கவில்லை.
முப்பிடாதி வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
"ஏளா, மை எப்படி நிக்கு பாரேன்."
முதலில் சிரித்தது நான்தான்.
அப்புறம் நாத்தனார், அப்புறம் எல்லோரும்,
பிரம்மநாயகம் மட்டும்
தொரட்டியின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

பாத்திமா கசக்கிக் கேட்டாள்.
"இதை எடுப்பான். பால் கவரோட சேரும்."
சேர்த்தேன்.
தராசு முள் அசையவில்லை.
மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது
எந்தக் கிளையிலோ, எந்த மாட்டின் வயிற்றிலோ.

உச்சிக்கிளையில் பதினேழு இருக்கிறது,
எண்ணி வைத்திருக்கிறோம்.
மூங்கிலோடு மூங்கில் கட்டியும் எட்டவில்லை.
அந்த உயரத்துக்கு
ஆறுதான் கை நீட்ட வேண்டும்,
அதை யாரும் கேட்கப்போவதில்லை.

தை பிறந்ததும் பிரம்மநாயகம் மகளுக்கு நிச்சயம்.
துணிப்பை இப்போது பதினெட்டு ரூபாய்.
எழுநூறு பை.
பெயர் போடாவிட்டால் இரண்டு ரூபாய் குறையும்,
காய்கறி வாங்கவும் ஆகும் என்றேன்.
"பேரு போடாம எப்படிம்மா கொடுக்க?"
என்று கேட்டவர்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.
ஞாயிறுகளில் வந்துவிடுகிறார்.
கீழ்க்கிளைகளை முதலில் முடிக்கிறார்.