பன்னிரண்டாவது பெயர்

நவநீதனின் முட்டி ஜவ்வு கிழிந்த மறுவாரம்
ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் போனேன்,
விடிகாலை நாலரைக்கு,
ஆள் எடுக்க.

திம்மராயன் லாரி மேல் நின்று
பெட்டி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான்.
வயது முப்பத்தெட்டு என்றான்.
நாற்பத்தொன்று என்று எனக்குத் தெரியும்.
அவன் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.

இடது கார்னர்.
பதினாறு வருடம் அந்த ஒரே மூலை.
பாரூர், பர்கூர், ஊத்தங்கரை,
ஒருமுறை ரயில்வே தேர்வுவரை போய்
உயரம் போதாதென்று திரும்பி வந்தான்.
மிச்சத்தை என் வலது கணுக்காலைக் கேளுங்கள்:
மத்தூர், எட்டு வருடம் முன்பு,
போனஸ் கோட்டுக்கு நீட்டிய கால்
நான் திரும்பும்போது என்னோடு வரவில்லை.

"ஏழு பேர்ல இடம் இல்ல."
"தெரியும்."
"பெஞ்சுதான். லோகேஷ்தான் ஆடுவான்.
அவனுக்கு எதுவும் சொல்லித்தரவும் வேணாம்,
கோச் கோவிச்சுக்குவாரு."
அதற்குத்தான் சிரித்தான்.
"சொல்லித்தர எனக்கு என்னா தெரியும்?
எதிர்ல கால் வந்தா கை போவும்."

மண்டிச் சீட்டின் பின்பக்கம் எழுதினோம்.
ஆட்டத்துக்கு எழுநூறு. ஆடாவிட்டாலும் எழுநூறு.
போக வர பஸ் காசு. அவித்த முட்டை மூன்று.
முட்டி உறை அவனுடையதே.
முன்பக்கத்தில்
பதினைந்து கிலோ பெட்டி நூற்றுப்பத்து என்றிருந்தது.
அன்றைக்குத் தக்காளியும் விலை போகவில்லை.
கையெழுத்துப் போடும்போது அவன் கட்டைவிரல் சாறு
எழுநூறின் மேல் இறங்கியது.
நடுவில் உள்ள 'நூ'வை இன்றுவரை வாசிக்க முடியாது.

மாரண்டஹள்ளியில் பயல்களுக்கு ஒரே கேலி:
"அவருக்கு ஜெர்ஸி எடுக்கப்போறியா, போர்வையா?"
பொருளாளர் சென்னப்பன் கேலி செய்யவில்லை,
கணக்குக் கேட்டார்:
"உக்கார்றதுக்கு எழுநூறா?"
அவருடைய டாடா ஏஸின் அடியில் தொங்கும்
ஸ்டெப்னியைக் காட்டினேன்.
"அது முட்டை கேக்குதா?" என்றார்.

காரிமங்கலம். ராத்திரி ஆட்டங்கள்.
விளக்கைச் சுற்றி ஈசல், கீழே செம்மண்.
அரையிறுதிவரை நாலு ஆட்டம்.
திம்மராயன் எழுந்திருக்கவே இல்லை.
வேர்க்கடலை உரித்தான்,
தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
நாலேழு இருபத்தெட்டு,
சென்னப்பன் வாய்விட்டே கூட்டினார்.

இறுதி ஆட்டம், பென்னாகரத்தோடு.
மூன்று நிமிடம் இருக்க
நாலு புள்ளி பின்னால் இருந்தோம்.
லோகேஷுக்குத் தொடை பிடித்துக்கொண்டது.
கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்,
வேறு பார்க்க ஆளில்லாமல்.

அவன் முதலில் பையைக் கவிழ்த்துத் தோலைக் கொட்டினான்.
பிறகு கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு
மூலைக்குப் போய் நின்றான்,
மண்டியில் முறைக்குக் காத்திருப்பவன் மாதிரி.

சாயங்காலம் முழுக்க அந்த மூலையை மேய்ந்த பையன்,
பென்னாகரத்து ரைடர்,
பாடிக்கொண்டு வந்தான்.
அவர்கள் பெஞ்சிலிருந்து யாரோ வயசாளி கத்தினார்:
"டேய், அந்தப் பக்கம் வேணாம்!"
பையன் வலப்பக்கம் போனான். மாட்டினான்.
அடுத்தவனும் வலப்பக்கம்தான்.
மூன்றாவது ஆள் நடுவிலேயே நின்று பாடி
மூச்சைத் தீர்த்துக்கொண்டு திரும்பினான்.
இடது மூலைக்கு
கடைசி விசில்வரை ஒருவனும் வரவில்லை.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஸ்கோர் புத்தகத்தில் பன்னிரண்டாவது பெயர்:
பிடி சைபர், தொடல் சைபர்.
சென்னப்பன் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.
"நாலு எப்படிய்யா ஒண்ணாச்சு?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அவரே எழுநூறை எண்ணிக் கொடுத்தார்,
சில்லறை நோட்டாக, ஆனாலும் முழுசாக.

விடியற்கால முதல் பஸ்.
திம்மராயன் என் வலப்பக்கத்து சீட்டில்
வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.
பாலக்கோடு தாண்டி ஒரு வேகத்தடையில்
அவன் கை நழுவி, முட்டி உறையைத் தாண்டி, கீழே தொங்கியது.
நான் வலது காலை
சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.