முந்திரி என்று இருக்கிறது

கேப்பர் மலைக்கும் மண்சரிவு வரைபடம் என்றதும்
நீலகிரியில் வேலை பார்த்துவிட்டு வந்த பொறியாளர் சிரித்தார்.
இதுவா மலை?
இரண்டு தென்னையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினால்
உச்சி தொட்டுவிடும்.

நான் சிரிக்கவில்லை.
தினக்கூலிக்குக் கணினிமுன் உட்கார்ந்தவள்.
சிரிப்புக்குத் தனிப்படி கிடையாது.

முதல் அடுக்கு சரிவு.
நிலத்தை முப்பது மீட்டர்க் கட்டங்களாக நறுக்கி
கட்டத்துக்கு ஓர் எண்.
முப்பது மீட்டர் என்றால்
அஞ்சலாட்சியின் வீடு, ஆட்டுப்பட்டி, அடிகுழாய்,
அவள் மகன் தவணையில் வாங்கி
ஓட்டாமலே நிறுத்திவிட்ட ஆட்டோ
எல்லாம் சேர்ந்து ஓர் எண்.

அடுத்தது கல்.
பாடப்புத்தகத்தில் எங்கள் ஊர்ப்பேரில் ஒரு கல் உண்டு,
கடலூர் மணற்கல்.
படிக்கும்போது பெருமையாக இருந்தது.
நேரில் போய் நகத்தால் கீறினேன்,
நேற்றைய புட்டுபோல் உதிர்ந்தது.
நடுநடுவே வெள்ளையும் ஊதாவுமாய்க் களிமண் பட்டை.
மணல் குடிக்கும், களி குடிக்காது.
குடிக்காதவன் தோளில் குடித்தவன் சாய்ந்தால்
என்ன ஆகும் என்று
சனிக்கிழமை இரவு பேருந்து நிலையத்தில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது நிலப் பயன்பாடு.
அங்கேதான் கை நின்றது.
பதிவேட்டில் முந்திரி என்று இருக்கிறது.
முந்திரி என்றால் வேர், வேர் என்றால் பிடி,
அபாய மதிப்பெண் இரண்டு. பச்சை.

தானே புயல் போன மறுநாள் காலை
அந்த முந்திரிகளின் வேரெல்லாம்
வானத்தைப் பார்த்துக் கிடந்தன.
விறகாகிப் போயின. சவுக்கு வைத்தார்கள்,
சவுக்கும் விற்றாயிற்று.
இப்போது சரிவின் அடியில்
கிராவல் அள்ளுகிறது ஒரு பொக்லைன்.
செத்த வேரும் கொஞ்ச காலம் மண்ணைப் பிடித்திருக்கும்,
செத்தவர் பேரில் ரேஷன் வாங்குவதுபோல.
பிறகு அதுவும் நின்றுவிடும்.
பதிவேட்டில் மட்டும் வருஷா வருஷம்
பூக்கிறது, காய்க்கிறது.

திருத்தினேன்.
கட்டம் சிவந்தது.

களச் சரிபார்ப்புக்குத் தெய்வசிகாமணி ஜீப் ஓட்டினார்.
அஞ்சலாட்சி தாளைத் தலைகீழாகவும் பார்த்தாள்.
"செவப்பு அடிச்சா பட்டா தருவாங்களா?"
தரமாட்டார்கள்.
"கீழ மண்ணு வெட்றவனுக்கு என்னா கலரு?"
அவனுக்கு உரிமம்.
இரண்டு பதிலையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொல்லையில், வெட்டுவாய்க்கு நாலடி முன்னால்
தரையில் ஒரு விரிசல்.
அதில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை
மடித்துச் செருகியிருந்தாள்.
ஐப்பசியில் இறுகி நின்றதாம்.
"இப்ப ஆடுது பாரு.
தெனமும் வெடிஞ்சதும் தொட்டுப் பாப்பேன்."

படிவத்தில் சாய்கோணத்துக்கு இடம் உண்டு,
பாறைக்கு, வடிகாலுக்கு, சாலைத் தொலைவுக்கு உண்டு.
குச்சிக்கு இல்லை.
'பிற' என்ற கட்டத்தில் எழுதினேன்.
ஆடுகிறது.

பொறியாளர் திரையைப் பார்த்தார்.
சுற்றி எட்டும் பச்சை, நடுவில் ஒற்றைச் சிவப்பு,
பிழையாக இருக்கும்,
வடிகட்டி போட்டுக் கரைத்துவிடுங்கள் என்றார்.
சுற்றி எட்டும் பச்சையாக இருப்பது
நான் இன்னும் அங்கே நடக்காததால்தான்.
அதைச் சொல்வதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்தது.

வடிகட்டி போட்டேன் என்றுதான் கோப்பில் இருக்கிறது.
போடவில்லை.
யாராவது பெரிதாக்கிப் பார்த்தால்
என் ஒப்பந்தம் போகும்.
பார்க்காமல் விட்டால் அதைவிட மோசம்.

வானொலியில் சொல்கிறார்கள்,
கடலூர் மாவட்டத்தில்
ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.

ஓரிரு இடங்கள்.
ஒன்றின் கட்ட எண் எனக்குத் தெரியும்.