தேன்கூடு

பள்ளத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தால்
எல்லா வண்டிக்கும் வயிறு ஒன்றுதான்.
ஜப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி,
வலப்பக்க ஸ்டியரிங்கோடு
ருஸ்தாவிச் சந்தைக்கு வந்து சேர்ந்தவை.

எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே
தகரச் சிமிழுக்குள் ஒரு தேன்கூடு.
வருகிற நஞ்சை உள்ளே வாங்கி
சாதுவாக்கி அனுப்பும்.
தேன் கிடையாது. பிளாட்டினம் உண்டு,
கண்ணுக்குத் தெரியாத பூச்சாக.
பதினொரு நிமிடத்தில் அறுத்தெடுப்பேன்.
அந்த இடத்தில் வெறும் குழாய், இரண்டு பற்றவைப்பு.
"இப்போதுதான் வண்டி நன்றாக இழுக்கிறது" என்பார்கள்.
சனிக்கிழமை தராசோடு வருவான் மூர்மான்.
எடைக்கு எடை காசு.
வயிற்றுப் பிழைப்பு.

நெஸ்தானின் முதல் ஸ்கேனுக்கு இரண்டு கூடு.
தொட்டிலுக்கு ஐந்து.

திபிலிசியில் அவள் ரொட்டி சுடும் இடம்
நிலவறை.
வாங்குகிறவர் குனிந்துதான் கேட்க வேண்டும்,
ஜன்னல் நடைபாதையோடு ஒட்டியிருக்கிறது.
புகைக்குழாயின் உயரமும் அதுதான்.
எதிரே வேன் நிறுத்தம்.
நின்று கிளம்பும் ஒவ்வொன்றும்
அவள் முகத்தில் ஒருமுறை இருமிவிட்டுப் போகும்.
அந்த இருமல்களில் சிலதை எனக்குத் தெரியும்.
அந்த நீல வேன், டிசம்பரில்,
என் கை.

எட்டாம் வாரம் விரல்கள்
ஒன்றைவிட்டு ஒன்று பிரியுமாம்.
மருத்துவமனைச் சுவரில் படம் இருந்தது.
அந்த வாரம் எத்தனை அறுத்தேன்?
நோட்டுப் புத்தகம் சொல்கிறது: பதினேழு.

"இருபத்தெட்டு வாரம்.
அளவு இருபத்தாறுதான் காட்டுகிறது" என்றார் டாக்டர் மக்வாலா.
ஏன்?
"இதுதான் என்று சொல்ல முடியாது.
ரத்தசோகை இருக்கலாம். வெறுமனே சின்ன உடம்பாகவும் இருக்கலாம்.
காற்றாகவும் இருக்கலாம்.
தாய் இழுக்கிற கரி
நஞ்சுக்கொடிவரை போய்ப் படிகிறது,
பார்த்திருக்கிறார்கள்."
நஞ்சுக்கொடி வடிகட்டாதா என்று கேட்டேன்.
தொழில் புத்தி.
"சிலதை" என்றார்.
திரையில் கரு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.
நான் என் நகக்கண்களை
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒரு டாக்ஸிக்காரன் வந்தான்.
பள்ளத்திலிருந்து ஏறி வந்து பொய் சொன்னேன்:
"யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், ஒன்றுமில்லை."
அவன் தோளைக் குலுக்கினான்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஓதியாவின் ஷெட்.
நான் டீ ஆற்றிக் குடிப்பதற்குள்
அறுக்கும் சத்தம் கேட்டது.
பதினைந்து நிமிடம் எடுத்தான்.
அவன் கை அவ்வளவு சுத்தம் கிடையாது.

அன்று நேரத்தோடு போய்
அடுப்பெதிரே நின்றவளிடம் எதுவும் சொல்லாமல்
ஜன்னலைச் சாத்தினேன்.
மாவுக் கையால் வயிற்றைப் பிடித்தபடி வந்து
திறந்தாள்.
"மூச்சு முட்டுகிறது, வாசோ.
கொஞ்சம் காற்று வரட்டும்."