சிவப்புக் கயிறு

பென்சான்ஸ் ரயில் நிலையம்.
மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குள்
துடைப்பம், இரண்டு வாளி,
போன டிசம்பரின் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம்.

சக்கர நாற்காலியைத் திருப்ப இடமில்லை.
இந்தப் பயணத்துக்காகக்
காலையிலிருந்து தேநீரைத் தொடாத மொர்வென்னா
மரத்தைக் கிளையைப் பிடித்து இழுத்து
நடைமேடையில் நிறுத்துகிறாள்.
பிறகு வாளிகள்.
துடைப்பம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆபத்துக்கு இழுக்கும் சிவப்புக் கயிற்றை
யாரோ சுருட்டி முடிந்திருக்கிறார்கள்,
நிற்பவர் தோளுயரத்தில்.
விழுந்தவர்
எழுந்து வந்து இழுக்க வேண்டும்போல.

அடிவயிறு கெஞ்சக் கெஞ்ச
மடியிலிருந்த நீள இடுக்கியால்
முடிச்சைக் கிள்ளிக் கிள்ளி
அவிழ்க்கிறாள்.
கயிறு இறங்கி
தரையைத் தொட்டு ஆடுகிறது.

தாழ்ப்பாள்.
அப்பாடா.

வெளியே ஒரு குரல்:
"துடைப்பம் எடுக்கணும், யாரது உள்ளே
கதவைப் பூட்டியது?"

"ஆள் இருக்கு"
என்கிறாள்,
அவசரமே இல்லாமல்.